சின்னக் கரி அடுப்பில் வார்ப்பிரும்பு: பாதித் தட்டே போதும்

கேள்வி இதுதான்: 14 அங்குல உருண்டை பார்பிகியூ அடுப்பு ஒன்று இருக்கிறது. மூடி உண்டு, மூன்று கால் உண்டு, கார் டிக்கியில் வைத்துக் கொண்டுபோகலாம். அதோடு வந்த மெல்லிய கம்பித்தட்டில் கோழி ஒட்டுகிறது, மீன் உடைகிறது, இறைச்சியில் கோடு விழுவதில்லை. அதைத் தூக்கிவிட்டு வார்ப்பிரும்புத் தட்டுப் போட்டால் சரிவருமா? கொழும்பில் எப்படி எடுப்பது, எப்படிப் பொருத்துவது?

சரிவரும். ஆனால் முழுத் தட்டையும் இரும்பாக்க வேண்டாம், பாதியை மட்டும் ஆக்குங்கள். அதற்கும் முதல் அடுப்பின் காற்றைச் சரிசெய்யுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு இரும்பை மட்டும் வாங்கிப் போட்டால், கரி கூடச் செலவாகும், கோழி வெளியே கருகி உள்ளே இரத்தத்தோடு நிற்கும், கடைசியில் பழி இரும்பின் மேல் விழும்.

வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது அந்த உலோகத்தின் தனிக்குணம் அல்ல, பாரம்தான் காரணம். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 0.46 கிலோஜூல் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 0.5. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் ஸ்டெயின்லெஸ்தான் ஒரு பிடி கூட. ஆனால் 3 மி.மீ. கம்பியில் செய்த 14 அங்குலத் தட்டு அரைக் கிலோவும் வராது. 6 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரம் உள்ள சட்டங்களை 18 மி.மீ.க்கு ஒன்றாக வைத்து வார்த்த அதே அளவுத் தட்டு 3 கிலோவைத் தொடும். குளிர்ந்த இறைச்சித் துண்டு விழுந்ததும் மெல்லிய கம்பி அந்த இடத்திலேயே சூட்டை இழந்துவிடும். பாரமான சட்டம் அசையாது. அதோடு, வார்ப்பிரும்பு ஸ்டெயின்லெஸ்ஸைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரு புள்ளியில் சூடு இறங்கினால் பக்கத்துச் சட்டத்திலிருந்து வந்து நிரம்பும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் அந்தப் பாரம்தான். 3 கிலோ இரும்பை 30 பாகையிலிருந்து 280 பாகைக்கு ஏற்ற 345 கிலோஜூல் அதற்குள் போக வேண்டும். சின்ன அடுப்பில் கரியின் சூட்டில் பெரும்பகுதி மூடி வழியும் பக்கத்தாலும் போய்விடுவதால், மூடிவைத்து 12 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அரைக் கிலோ சிரட்டைக் கரியில் நல்ல சூடு நிற்கும் நேரமே முக்கால் மணித்தியாலம் என்று வையுங்கள். அதில் மூன்றிலொரு பங்கு தட்டுச் சூடாகவே போய்விடும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கரியின் செந்தணலிலிருந்து நேராக மேலே வரும் கதிர்வீச்சுத்தான் இறைச்சியின் முழுப் பரப்பையும் சிவக்க வைப்பது. 18 மி.மீ. இடைவெளிக்கு 6 மி.மீ. சட்டம் என்றால் பரப்பில் மூன்றிலொன்று மறைகிறது. கம்பித்தட்டில் மறைவது ஆறிலொன்றுதான். அதனால்தான் வார்ப்பிரும்பில் கோடு அச்சடித்த மாதிரி விழும், இரண்டு கோட்டுக்கு நடுவே தோல் வெளிறிப்போய்க் கிடக்கும். மாட்டிறைச்சித் துண்டுக்கு அது பரவாயில்லை. எலும்போடு உள்ள கோழிக்கால்தான் பிரச்சினை. கொழும்பில் பார்பிகியூ என்றால் பத்துக்கு எட்டுத் தடவை கோழிக்கால்தானே. அதற்கு முதலில் கோடு விழுகிற சூடும், பிறகு எலும்புவரை 74 பாகை ஏறும்வரை நிதானமான சூடும் வேண்டும். ஒரே தட்டில் இரண்டும் கிடைக்காது. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் மேல் இரும்புப் பாதி, கரியில்லாத பக்கத்தின் மேல் பழைய கம்பித்தட்டின் பாதி என்று வைத்தால் இரண்டும் கிடைக்கும், பாரமும் குறையும்.

ஒரு தட்டையும் வெட்டாமல் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் பாவிக்காத சின்ன வார்ப்பிரும்புத் தோசைக்கல் இருந்தால் கம்பித்தட்டின் ஒரு பக்கத்தில் வைத்து, கரியை அதன் கீழ் ஒதுக்கி ஒருமுறை சமைத்துப் பாருங்கள். கல்லில் துவாரம் இல்லாததால் புகைமணம் வராது, கொழுப்புத் தேங்கும். ஆனாலும் இந்தச் சின்னச் சட்டிக்குள் இரும்பைச் சூடாக்க எவ்வளவு நேரம், எவ்வளவு கரி போகிறது என்பது கையோடு தெரிந்துவிடும். இறாலுக்கும் கணவாய்க்கும் அந்தக் கல்லே போதும் என்று அத்தோடு நிறுத்துகிறவர்களும் உண்டு, அதில் பிழை இல்லை.

கரி எரியும் அடுப்புச் சட்டியின் தகரத்தையும் பாருங்கள். விரலால் அமத்தினால் உள்ளே போகிற மடக்கு அடுப்புகள், அரை மி.மீ. தகரத்தில் செய்தவை, இந்த வேலைக்கு லாயக்கில்லை. துளை போட்ட இடத்தில் முதலில் துருப்பிடிக்கும், பிறகு இரும்பின் பாரத்தில் துளை நீளும். எனாமல் பூசிய, 0.8 மி.மீ.க்குக் குறையாத சட்டியாக இருந்தால் மேலே வாசியுங்கள்.

காற்றிலிருந்து தொடங்குவோம். இந்த அளவு அடுப்புகளில் கரித்தட்டு அடியிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். காற்றுத் துளைகளும் அடியிலேயே இருக்கும். அரை மணித்தியாலம் எரிந்ததும் சாம்பல் விழுந்து துளையை மூடும், தணல் மங்கும். கம்பித்தட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. இரும்புத் தட்டில் உடனே தெரியும், ஏனென்றால் இரண்டாவது தரம் இறைச்சி போடும்போது தட்டு திரும்பச் சூடேற வேண்டும், கீழே அதற்குத் தணல் இருக்காது.

கரித்தட்டை அடியிலிருந்து 4 செ.மீ.க்கு உயர்த்துங்கள். 8 மி.மீ. இரும்புக் கம்பியை வளையமாக வளைத்து மூன்று கால் ஒட்டவைத்தால் போதும், வெல்டிங் கடையில் பத்து நிமிட வேலை. பிறகு சட்டியின் பக்கச் சுவரில், அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், அதாவது சாம்பல் மட்டத்துக்கு மேலும் கரித்தட்டுக்குக் கீழும், 12 மி.மீ. துளை நான்கு போடுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.1 சதுர செ.மீ., நான்கும் சேர்ந்து நாலரை. ஆலையில் போட்டுவரும் 15 மி.மீ. துளை மூன்று உள்ள சட்டியில் காற்று வழி 5.3 சதுர செ.மீ.தான். அதோடு இந்த நாலரையும் சேர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. துளைகளை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்தால், ஒரு போல்ட்டில் சுழலும் தகரத் துண்டு ஒன்றால் ஒரு சோடியை மூடித் திறக்கலாம். எல்லாத் துளையையும் ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கத்தில் தென்மேற்குக் காற்று அடிக்கிற அடியில், காற்றுப் பக்கத் துளை திறந்திருந்தால் தணல் ஊதுலைபோல வெடித்து எரியும். அந்தப் பக்கத்தை மூடி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைக்க வழி இருக்க வேண்டும்.

சிரட்டைக் கரி பாவிப்பதானால் கரித்தட்டின் கம்பி இடைவெளி பெரிதாக இருக்கும், துண்டுகள் கீழே விழும். 10 மி.மீ. கண் உள்ள, 2 மி.மீ. தடிப்பான ஸ்டெயின்லெஸ் வலையை வட்டமாக வெட்டி மேலே போடுங்கள். நாகம் பூசிய வலை வேண்டாம். நாகம் 420 பாகையில் உருகும், தணலுக்குள் அதற்கு மேலும் சூடேறும், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் போல நடுக்கம் வரும்.

இனித் தாங்கிகள். அடுப்போடு வரும் தட்டுத் தாங்கிகள் மெல்லிய தகர நாக்குகள், சட்டியில் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியவை. கம்பித்தட்டுக்கு அது போதும். சூட்டில் இரும்பை வைத்துக்கொண்டு மேலே இடுக்கியால் அமத்தும்போது வளைந்துவிடும். அவற்றை உள்ளே சுவரோடு தட்டி மடக்கிவிட்டு, ஆறு போல்ட் போடுங்கள். ஏன் ஆறு என்பது கீழே தானாக விளங்கும்.

சட்டியின் விளிம்பைச் சுற்றி ஆறு சம பங்காக அடையாளமிடுங்கள். கட்டுக்கம்பி ஒன்றால் சுற்றளவை எடுத்து, அதை ஆறாக மடித்தால் போதும், பாகைமானி தேவையில்லை. எதிரெதிரான இரண்டு புள்ளிகளில், விளிம்பிலிருந்து 23 மி.மீ. கீழே துளையின் மையம். மீதி நான்கிலும் 20 மி.மீ. கீழே. அந்த 3 மி.மீ. வித்தியாசம், அந்த இரண்டு போல்ட்டின் மேல் குறுக்கே போய் இரண்டு பாதித் தட்டையும் நடுவில் தாங்கும் ஆங்கிள் இரும்பின் (L வடிவ இரும்பு) தடிப்பு. 20 என்ற கணக்கு இப்படி வருகிறது: மூடி தட்டாமலிருக்க 5, இரும்புத் தட்டின் உயரம் 12, போல்ட்டின் அரை விட்டம் 3. உங்களுக்குக் கிடைக்கும் தட்டு 15 மி.மீ. உயரம் என்றால் எல்லாவற்றையும் 3 மி.மீ. இறக்குங்கள். தட்டு கைக்கு வந்து, அளந்த பிறகுதான் ட்ரில்லைத் தொட வேண்டும்.

எனாமலில் துளை போடுவது கண்ணாடியில் போடுவது போலத்தான். மையக்குறி அடிக்கச் சுத்தியலை எடுத்தால் எனாமல் நட்சத்திரமாகத் தெறிக்கும். உள்ளேயும் வெளியேயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, முதலில் 3 மி.மீ. பிட், மெதுவான சுழற்சி, கை பாரம் இல்லாமல். பிறகு 6.5 மி.மீ. காற்றுக்கான 12 மி.மீ. துளைக்குப் படிப்படியான ஸ்டெப் பிட் நல்லது. சாதாரண பிட் மெல்லிய தகரத்தில் முக்கோணத் துளைதான் போடும். வெட்டிய விளிம்பில் வெளிப்பக்கமாக, சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் பெயின்டை ஒரு தொடல் தொடுங்கள், உள்ளே வேண்டாம்.

போல்ட் 6 மி.மீ. தடிப்பு, 30 மி.மீ. நீளம், ஸ்டெயின்லெஸ். தலை வெளியே, இரண்டு பக்கமும் வாஷர், நட் உள்ளே. இங்கேதான் அளவு பிழைக்கும். உள் வாஷரும் நட்டும் சுவரிலிருந்து ஏறத்தாழ 6.5 மி.மீ. பிடிக்கும். நட் போல்ட்டின் தண்டைவிட உயரம். தட்டின் ஓரம் நட்டின் மேல் ஏறினால் தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடும். ஆகவே தட்டுக்கும் சுவருக்கும் சுற்றிவர 7 மி.மீ. இடைவெளி விடுங்கள். சூட்டில் இரும்பு விரியுமே என்று பயப்படுகிறவர்களுக்கும் அது போதும். 35 செ.மீ. வார்ப்பிரும்பு 300 பாகை ஏறினால் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடத்தான் நீளும். விரிவைவிடப் பெரிய பிழை சட்டியிலேயே இருக்கும். அழுத்தி எடுத்த தகரம் முழு வட்டமாக இருப்பதில்லை. மூன்று திசையில் விட்டம் அளந்து, குறைந்ததை எடுங்கள், விளிம்பில் அல்ல, தட்டு உட்காரப்போகும் மட்டத்தில்.

அந்த உள்விட்டம் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 7 மி.மீ. கழித்தால் ஆரை 17.3 செ.மீ. இப்போது வட்டமாக வார்த்த தட்டைத் தேடி அலைய வேண்டாம். பாதி அறுகோணம் போதும்: நீள விளிம்பு 34 செ.மீ., எதிர் விளிம்பு 17 செ.மீ., உயரம் 15 செ.மீ. கடையில் கிடைக்கும், இந்த அளவுக்குக் குறையாத நீள்சதுரத் தட்டில் இதை வெட்டலாம், நீளமும் உயரமும் பொருந்தினால் இரண்டே இரண்டு சாய்வு வெட்டு. சுற்றளவை ஆறாகப் பிரித்துப் போட்டோமே போல்ட், அறுகோணத்தின் மூலைகள் சரியாக அந்தப் போல்ட்டுகளின் மேல் வந்து உட்காரும். நடுவில் ஒரே ஒரு போல்ட் போட்டு மிச்சம் பிடித்தால், தட்டின் மூலையில் இடுக்கியை ஊன்றும்போது மறுபக்கம் எழும்பும், கோழி தணலுக்குள்.

தட்டைத் தேடும்போது, பெரிய கேஸ் பார்பிகியூவுக்கு உதிரியாக விற்கும் வார்ப்பிரும்புத் தட்டுத்தான் நல்ல தெரிவு. சமையல் உபகரணக் கடைகளில் பாருங்கள், பாவித்ததாக இருந்தாலும் குறையில்லை. துருவைச் சுரண்டி எடுக்கலாம், வெடிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஓரத்தில் நூலில் தூக்கிப் பிடித்து ஆணியால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது, சட்டிபோலச் செத்த சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. எனாமல் பூசிய தட்டை வெட்ட வேண்டாம். வெட்டிய இடத்திலிருந்து எனாமல் சில்லுச் சில்லாக உரிந்து சாப்பாட்டில் விழும்.

வெட்டுவதற்கு முன் சட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். 34 செ.மீ. விளிம்புக்குச் செங்குத்தாக ஓட வேண்டும், அப்போதுதான் சாய்வாக வெட்டிய பிறகும் ஒவ்வொரு சட்டமும் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீளவாட்டில் ஓடும் தட்டைச் சாய்வாக வெட்டினால், நடுவில் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால், சட்டங்கள் தனித்தனியாகக் கையில் வரும். கிரைண்டரில் 1 மி.மீ. வெட்டுத் தட்டு போட்டு, வெட்டின் இரண்டு பக்கத்தையும் பலகையில் தாங்கி வையுங்கள். கடைசி 2 மி.மீ. இருக்கும்போது பாரத்தில் தானாக முறியவிட்டால் முறிவு நல்ல பக்கத்துக்குள் ஓடிவிடும். கண்ணாடி, முகமூடி இரண்டும் வேண்டும். வார்ப்பிரும்புத் தூசு கறுப்பு மாவு மாதிரி எங்கும் போகும். வெட்டு முனைகளை அரத்தால் மழுக்குங்கள்.

இரும்பு வார்க்கும் பட்டறையில் சொல்லிச் செய்விக்கவும் முடியும். அதற்கு மர அச்சுக் கொடுக்க வேண்டும். ஆறும்போது வார்ப்பு நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், ஆகவே 340 மி.மீ. வேண்டுமென்றால் அச்சு 343.5. சட்டத்தின் பக்கங்கள் கீழ்நோக்கி 2, 3 பாகை ஒடுங்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சு மணலிலிருந்து கழன்று வராது. சட்டமும் விளிம்பும் சந்திக்கும் உள்மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள், வெடிப்புத் தொடங்குவது அந்த மூலையில்தான். ஒரு தட்டுக்காக இவ்வளவும் வீண் சிரமம், நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

மழைநீர்க் கானுக்குப் போடும் வார்ப்பிரும்பு மூடியை வெட்டிப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். தார் பூசியிருப்பார்கள், எந்தக் கழிவை உருக்கி வார்த்தது என்றும் தெரியாது. பழைய ஃபிரிட்ஜ் தட்டும் வேண்டாம். பழையவற்றில் சிலதுக்குக் கட்மியம் முலாம் இருக்கும், அது சூட்டில் நஞ்சு. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் லொறி பிரேக் டிரம்மை அடுப்பாக்குவதைப் பற்றியும் பேச்சு வரும். அது நல்ல வார்ப்பிரும்புதான், தணல் நின்று எரியும், ஆனால் இரண்டு பேர் தூக்க வேண்டும், டிக்கியில் போகிற கதை இல்லை. எடுத்தாலும் உள்ளிருக்கும் தூசைக் காற்றால் ஊதாமல் தண்ணீரால் கழுவுங்கள், பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

போல்ட், வாஷர், ஆங்கிள் எல்லாம் பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரே நடையில் முடியும். ஆங்கிள் 20க்கு 20, தடிப்பு 3 மி.மீ., நாகம் பூசாதது. நீளம் 34.5 செ.மீ. ஒரு சிறகு தட்டையாக மேலே, மற்றது கீழ்நோக்கி. கீழ்நோக்கிய சிறகை இரண்டு முனையிலும் 3 செ.மீ. வெட்டி நீக்கினால் மேல் சிறகு மட்டும் போல்ட்டில் உட்காரும். தட்டைப் பட்டை இரும்பு போட்டாலும் ஆகும் என்பார்கள். தணலுக்கு மேலே அது கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும். கீழே தொங்கும் சிறகுதான் தொய்யவிடாமல் பிடிப்பது. மேல் சிறகின் 20 மி.மீ. அகலத்தில் பாதி இரும்புத் தட்டுக்கு, பாதி கம்பித்தட்டுக்கு.

கம்பித்தட்டை நடுவே வெட்டும்போது கம்பிகள் ஆங்கிளுக்குச் செங்குத்தாக இருக்கும்படி வெட்டுங்கள், அப்போது எல்லா முனையும் ஆங்கிளில் தங்கும். புதிய மட்டம் பழையதைவிடக் கீழே என்பதால் வளையம் சுவரில் முட்டலாம். பாதியாக வெட்டிய வளையம் வில்லுப்போல இடம் கொடுக்கும், கையால் நெருக்கினால் அமரும். இரும்புத் தட்டை எதனோடும் போல்ட் போட்டு இறுக்காதீர்கள், வெல்டும் பண்ணாதீர்கள். அது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இறுக்கிப் பிடித்த வார்ப்பிரும்பு சூட்டில் வெடிக்கும்.

கரியின் மேற்பரப்புக்கும் இரும்பின் அடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, 7 அல்லது 8 செ.மீ., வர வேண்டும். கரித்தட்டை உயர்த்தியதால் இது குறைந்திருக்கும், அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்குக் கீழே போனால் சொட்டும் கொழுப்பு ஒவ்வொரு முறையும் சுவாலையாக எழும்பும்.

பழக்குவது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். ஆனால் நம் வீடுகளில் கைக்கெட்டும் எண்ணெய் தேங்காய் எண்ணெய், அது இதற்கு உதவாது. இரும்பில் படியும் கறுப்புப் படலம் எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகுவதால் வருவது. இறுகும் எண்ணெய் எது என்பதை அயடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10க்குப் பக்கம், நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120, சூரியகாந்திக்கு ஏறத்தாழ 120 முதல் 140. தேங்காய் எண்ணெய் பூசிச் சூடாக்கினால் புகைந்து போகும், மிச்சம் பிசுபிசுப்பாக நிற்கும். ஆளிவிதை எண்ணெய் 170க்கு மேல், ஆனால் அந்தப் படலம் கண்ணாடிபோல இறுகி, கரி அடுப்பின் ஏற்ற இறக்கச் சூட்டில் செதிலாக உரியும். நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி, அவ்வளவுதான்.

தட்டைச் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கம்பிப் புருசால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தடவுங்கள். பிறகு, தெரியாமல் தடவிவிட்டோம் என்பது போல, உலர்ந்த துணியால் முழுவதையும் துடைத்து எடுங்கள். கண்ணுக்குப் பளபளப்புத் தெரிந்தால் இன்னும் கூடத்தான் இருக்கிறது. மிதமான தணலில், 200 முதல் 230 பாகையில், மூடியை மூடி ஒரு மணித்தியாலம். முதலில் புகைக்கும், புகை நின்றதும் அந்தப் பூச்சு முடிந்தது. மூன்று நான்கு முறை. தடிப்பாக ஒரே முறை பூசினால் தேன் காய்ந்த மாதிரிச் சொட்டுச் சொட்டாக நிற்கும், இறைச்சி அதில்தான் போய் ஒட்டும்.

சமைக்கும்போது: 500 முதல் 600 கிராம் சிரட்டைக் கரி. பெரிய பால்மா டின்னின் அடியிலும் அடியைச் சுற்றியும் துளை போட்டு, கீழே பொச்சு, மேலே கரி என்று வைத்துப் பற்றவைத்தால் கால் மணித்தியாலத்தில் தணலாகும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த மணம் தட்டின் படலத்தில் ஏறினால் இரண்டு மூன்று சமையலுக்கு இருக்கும். சிரட்டைத் துண்டுகள் கிண்ணம்போல ஒன்றுக்குள் ஒன்று அடைந்து காற்றை மறிக்கும். கொட்டியதும் குச்சியால் கிளறிக் குத்தி நிற்க வையுங்கள். தணலை இரும்புப் பக்கம் ஒதுக்கி, மூடி, பன்னிரண்டு நிமிடம். தட்டுக்கு 10 செ.மீ. மேலே உள்ளங்கையை இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் பிடிக்க முடியாவிட்டால் ஆயத்தம்.

எண்ணெயைத் தட்டில் பூசாமல் இறைச்சியில் பூசுங்கள். மீனின் தோலை டிஷ்யூவால் ஒற்றி ஈரம் எடுங்கள். வைத்த பிறகு சுரண்டிப் பார்க்க வேண்டாம், வெந்த தோல் தானாக விட்டுக்கொடுக்கும், விடாவிட்டால் இன்னும் நேரமாகவில்லை. சட்டங்களின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கலாகவும் இருந்தால், மீனுக்கு அகலப் பக்கத்தை மேலே போடுங்கள், தாங்கும். கோழிக்கால் இரும்பில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், பிறகு கம்பிப் பக்கத்துக்கு மாற்றி மூடி 25 நிமிடமளவில். தக்காளி சோஸ், சீனி, தேன் கலந்த மசாலா இரும்பில் படக்கூடாது. அந்தச் சூட்டில் சீனி நிமிடத்தில் கரியாகிச் சட்டத்தோடு ஒட்டும். அதைக் கம்பிப் பக்கத்தில், கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள். தேசிக்காயும் கொறுக்காயும் புளியும் படலத்தை அரிக்கும். ஊறிய மீனை வழித்துவிட்டு வைத்தால் ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது, மசாலாவோடு வைத்துத் தட்டை இரவெல்லாம் கழுவாமல் விட்டால் காலையில் செம்மண் நிறம்.

சுடுதட்டில் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்வதுதான் தட்டுகள் வெடிக்க முதல் காரணம். இரண்டாவது, சீமெந்துத் தரையில் விழுவது. வெடித்ததைச் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் வெல்டுக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். நிக்கல் குச்சியால், தட்டை முதலில் சூடாக்கி, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டால் நிற்கும். குச்சியின் விலைக்கும் கூலிக்கும் வேறு தட்டு வாங்கிவிடலாம்.

முடிந்ததும் எல்லாத் துளையையும் மூடிவிடுங்கள். தணல் அணைய அரை மணித்தியாலத்துக்கு மேல், இரும்பு கை தொடும் பதத்துக்கு வர இன்னும் அவ்வளவு. அணைந்தது போலத் தெரியும் கரியோடு அடுப்பை வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனிக்குள்ளோ, கார் டிக்கிக்குள்ளோ வைக்காதீர்கள். மணமில்லாத காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும். கரியை இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் கொட்டி வெளியே விடுங்கள்.

சாம்பலைச் சட்டிக்குள் விடவும் வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்து, நீங்கள் போட்ட துளைகளைச் சுற்றித் தகரத்தைத் தின்னும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்து இந்த வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே கம்பிப் புருசால் தேய்த்து, எண்ணெய் ஒற்றிய துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள். அடுத்த தடவை பிரிக்கும்போது பேப்பரில் எண்ணெய்த் திட்டு ஊறியிருந்தால், துடைத்தது போதவில்லை.